வான் லீர் வீட்டு ஈரம் குறித்து ஒரு விளக்கம்

இந்தச் சம்பவத்துக்கு முன்னரே நான் ஒரு நிலையில் இருந்தவன் என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். இலங்கையில் கல்லூரிப் படிப்பை முடித்து, கட்டடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா பெற்று, அரசாங்கத் திணைக்களமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பதவி வகித்தவன். ஊரில் என்னை 'ரி.ஓ. ஐயா' என்றே அழைத்தார்கள். பின்னர் மொன்றியலில் இருபத்தாறு ஆண்டுகள் வீட்டுப் பரிசோதகராகக் கடமையாற்றினேன். ஒருவர் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்த பின்பு, அந்த வாக்கு உறுதியாவதற்கு முன்பு, கூரையிலிருந்து அத்திவாரம் வரை பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பதே அந்த வேலை. என் அறிக்கைகளில் ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை. ஒன்றுக்கு மட்டும் பின்னிணைப்பு எழுத நேர்ந்தது. திருத்தம் வேறு, பின்னிணைப்பு வேறு.

இப்போது இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் கட்டாயமாகிறது. அதற்காகப் படிக்கும் நம்மவர் இருவர் அண்மையில் என்னிடம் வந்து, "அங்கிள், உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். அங்கிள் என்று அழைக்கப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் அறிய விரும்பியது என் அனுபவத்தை அன்று, வான் லீர் வீட்டு விவகாரத்தையே என்பதை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிய விதத்திலிருந்து ஊகித்துக்கொண்டேன். ஆகவே அதையும் முறையாக எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அகதியாக வந்தேன். ஜான்-டலோன் சந்தையில் இரண்டு கோடைகள் தக்காளிப் பெட்டிகள் தூக்கினேன். இரவில் பிரெஞ்சு படித்தேன், பின்னர் கட்டடப் பரிசோதனை படித்தேன். தக்காளிப் பெட்டி தூக்கியபோதும் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டே தூக்கினேன் என்பது போதும்.

என்னை உருவாக்கியவர் மிசியே பெல்ரோஸ். செயின்ட்-மிஷேலில், தெப்பனர் என்று இங்கே சொல்லப்படும் மூலைக்கடை ஒன்றின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. மெலிந்த, அதிகம் பேசாத கியூபெக்காரர். பரிசோதனைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவார். ஆனால் குறித்த நிமிடம் வரும்வரை காரை விட்டு இறங்கமாட்டார். இறங்கியதும் வீட்டை வெளியே இரண்டு முறை சுற்றுவார், ஒன்று வலமாக, மற்றது இடமாக. அந்த இரு சுற்றும் முடியும்வரை எவரோடும் கதை கிடையாது. உள்ளே போனதும் இரு கைகளையும் காற்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொள்வார். "கை சும்மா இருந்தால்தான் கண் வேலை செய்யும்" என்பார். பிறகு சிறுவர் உருட்டி விளையாடும் ஒரு கண்ணாடிப் போளையைச் சமையலறைத் தரையில் வைத்து, குந்தியிருந்து, அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை போளை உருண்டுகொண்டே போய்க் கூடத்துச் சுவரில் முட்டியது. வீடு வாங்க வந்த பெண் அழத் தொடங்கினாள். மிசியே பெல்ரோஸ் போளையிலிருந்து கண்ணை எடுக்காமலே தமது கைக்குட்டையை நீட்டினார்.

அறிக்கையில் மூன்று வினைச்சொற்களுக்கு மட்டுமே அவர் அனுமதி தருவார்: பார்த்தேன், தொட்டேன், அளந்தேன். என் முதல் அறிக்கையில், "கூரை இன்னும் பத்து ஆண்டுகள் தாங்கும் என நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை, மிசியே. என் அனுமானம்."

"கூரை சொன்னதா?"

"இல்லை."

"அப்படியானால் கூரைக்காக நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம்."

இன்னொரு விதியும் இருந்தது. வாங்குபவர் வீட்டிலோ விற்பவர் வீட்டிலோ ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. இந்த விதி நம்மவரிடையே எனக்கு ஏற்படுத்திய பகையைச் சொல்லி முடியாது. வெள்ளைக்காரர் வீடு பார்க்கக் கணவனும் மனைவியுமாக வருவார்கள். நம்மவர் மூன்று வாகனங்களில் வருவார்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி வரும். பெட்டியில் வடையும் றோல்ஸும் வரும். நான் மறுத்தால் முகம் வாடும். "ஒரு வடைக்கு வீடு இடிஞ்சு போகுமோ ஐயா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வீடு இடியாது, அறிக்கையில் எண்ணெய் படும் என்றேன். அவர் இன்றுவரை கோயிலில் என்னைக் கண்டால் பிராகாரத்தை மறுபக்கமாகச் சுற்றுகிறார்.

வேறொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணை, வீடு நல்ல வீடுதான். எண்டாலும் ஒரு குறை கண்டுபிடிச்சுத் தாங்கோ, விலையைக் குறைக்கலாம்" என்றார்.

"குறை இல்லையே."

"சின்னதா ஒண்டு."

"நான் குறை செய்பவன் அல்லன், பார்ப்பவன்" என்று சொன்னேன். அவர் மனைவியிடம், "இந்தாள் வலு திறமான ஆள், ஆனா உதவாது" என்று சொன்னதை நான் ஏணியில் நின்றபடி கேட்டேன்.

எல்லோரும் இறுதியில் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஐயா, வாங்கலாமோ?" அதற்கு நான் ஒருபோதும் பதில் சொன்னதில்லை.

இனி வான் லீர் வீடு.

வாங்க வந்தவர்கள் பிரதீபனும் அவன் மனைவி சுகந்தியும். அவன் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தொழில்நுட்பவியலாளன். அவள் ஒரு கார்டெரியில் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். பிரதீபனின் தாயார் மனோன்மணி அம்மாவும் அவர்களுடன் இருந்தார். செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி, வெளிப்புறமாகச் சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். முதற்பனி விழுமுன் ஏறினால் சித்திரைக்குத்தான் தரைக்கு இறங்குவார். இரண்டு வீடுகளுக்கு விலை கேட்டு, இரண்டையும் வேறு ஆட்கள் கூட்டிக் கேட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். "இதுவும் போனா, இன்னொரு மாரிக்கு மாமி மேலதான் ஐயா" என்று சுகந்தி முதல் நாளே சொன்னாள்.

வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். தெருவின் இருமருங்கிலும் மேப்பிள் மரங்கள், பின்வளவு பூங்காவோடு முட்டும், சைக்கிள் பாதை, இரண்டு நிமிட நடையில் பஸ், புதிய ரயிலுக்கும் அதிக தூரமில்லை. விற்றவர்கள் வான் லீர் என்ற முதிய ஒல்லாந்துத் தம்பதியர். தங்கள் நாட்டில் அவர்கள் இருந்ததும் இதே மாதிரியான பச்சைப் புறநகராம். வாசலில் மரம், நடை தூரத்தில் ரயில். இங்கு வந்தபோது மரம் இருந்தது, ரயில் இல்லை. "நாற்பது ஆண்டுகள் ரயிலுக்காகக் காத்திருந்தோம். வந்துவிட்டது. இனி முதியோர் குடியிருப்புக்குப் போகிறோம்" என்று திருமதி வான் லீர் எவ்வித வருத்தமுமின்றி என்னிடம் சொன்னார். மூன்று பேர் விலை கேட்டிருந்தார்கள். பின்வளவு பீச் மரத்தை வெட்டமாட்டேன் என்று சுகந்தி கைப்பட எழுதிக் கொடுத்ததால் இவர்களுடையதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய் மாலை எட்டு மணிக்குள் பரிசோதனையில் திருப்தி என்று அறிவிக்காவிட்டால், வீடு இரண்டாம் ஆளுக்குப் போகும்.

வெள்ளி காலை ஒன்பது மணி. வான் லீர் தம்பதியர் முறைப்படி சைக்கிளில் வெளியே போய்விட்டார்கள். வீட்டு விற்பனை ஏஜென்ற் தமது காருக்குள் தொலைபேசியோடு இருந்தார். மனோன்மணி அம்மாவும் சுகந்தியும் பட்டுச் சேலையில் இறங்கினார்கள். கையில் ஓர் அட்டைப் பெட்டி.

"பரிசோதனைக்குப் பட்டுச் சேலை எதற்கு?" என்று கேட்டேன்.

"பேந்து ஒரு கலியாண வீடு இருக்கு ஐயா" என்றாள் சுகந்தி.

நான் வீடுகளைப் பரிசோதிப்பவன், ஆட்களை அல்ல. பிரதீபன் ஏணியைப் பிடிக்க, கூரைக்கு ஏறினேன். அது ஆனி மாதம். அந்தப் பசுமையான அயலின் மரங்கள் அனைத்தும் மகரந்தத்தை உதிர்த்துக்கொண்டிருந்தன. கூரையில் ஐம்பது நிமிடங்கள் நின்று இறங்கியபோது என் மூக்கு முற்றாக அடைத்திருந்தது. இதைக் குறித்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னர் நிலக்கீழ்த் தளத்துக்குப் போனேன். சமையலறைக்கு நேர் கீழே, உட்கூரைப் பலகையில், சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஓர் ஈரக் கறை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகியது. ஈரமானியை வைத்தேன், முள் கடைசிக்குப் போயிற்று. பலகைப் பொருத்தில் ஒரு சொட்டு தொங்கியது. வெண்ணிறம். விரலால் தொட்டேன். வெதுவெதுப்பு. உட்கூரைப் பலகை சுண்ணப்பொருளால் ஆனது, கரைந்தால் வெளுக்கும். வெதுவெதுப்பாக இருப்பதால் வெந்நீர். இந்தத் தர்க்கத்தில் இன்றுவரை எவரும் பிழை கண்டதில்லை.

மேலே போனேன். சமையலறையில் இரு பெண்களும் சந்நிதியில் நிற்பதுபோல் அடுப்பின் முன் நின்றார்கள். அடுப்பு பளபளத்தது.

"யாராவது வெந்நீர்க் குழாயைத் திறந்தீர்களா?"

"இல்லை ஐயா, பைப்பை ஒருதரும் தொடேல்லை" என்றார் மனோன்மணி அம்மா.

அது முழு உண்மை. நான் குழாயைப் பற்றிக் கேட்டேன், அவர் குழாயைப் பற்றிப் பதில் சொன்னார்.

ஞாயிறு அறிக்கையை அனுப்பினேன். முப்பத்தொரு பக்கங்களில் பத்தொன்பதாம் பக்கம்: "சமையலறைக்குக் கீழ் உட்கூரையில் தொடரும் கசிவு. வெண்ணிறம், வெதுவெதுப்பு. அநேகமாக வெந்நீர்க் குழாயிலிருந்து."

பிரதீபன் கலங்கிவிட்டான். குழாய் ஒழுகும் வீட்டை வாங்க முடியாது, விலகப்போகிறேன் என்று அறிக்கையின் பிரதியோடு ஏஜென்ற் மூலம் விற்பவருக்கு அறிவித்தான். திரு. வான் லீர் அதைத் திங்கள் காலை வாசித்திருக்கிறார். அந்த வீட்டின் செப்புக் குழாய்கள் அனைத்தையும் தம் கையாலேயே ஒட்டவைத்தவர் அவர். வாசித்து முடித்ததும் பலகை அறுக்கும் வாளை எடுத்து உட்கூரையை மேசை அளவுக்கு அறுத்துத் திறந்திருக்கிறார். கசிவு இல்லை. கெட்ட நாற்றம் மட்டும் இருந்தது. செத்த எலி என்று தீர்மானித்து, எலியைத் தேடி இன்னும் ஒரு மேசை அளவுக்கு அறுத்திருக்கிறார்.

அன்று மாலை சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கக் கூடாது."

"கேளுங்கள்."

"நீங்கள் எழுதின அந்த வெள்ளைத் தண்ணி... அது தண்ணியாத்தான் இருக்கோணுமோ?"

"வேறென்ன?"

"பாலாவும் இருக்கலாமோ எண்டு."

"குழாயில் பால் வராது, பிள்ளை."

"குழாயில வராது ஐயா. சட்டியில வரும்."

பிறகு எல்லாம் வந்தது. வீடு கைக்கு வரும் திகதி ஆடி மாதத்தில் விழுந்தது. ஆடியில் நம்மவர் குடிபுகுவதில்லை. முன்னதாக உள்ளே விட வான் லீர் தம்பதியருக்கு வசதியில்லை. பஞ்சாங்கத்தில் நல்ல நாளும் நேரமும் அந்த வெள்ளிக்கிழமை காலை பத்துமணிக்கு இருந்தது. சட்டப்படி அவர்கள் அந்த வீட்டுக்குள் மூன்று மணி நேரம் நிற்கக்கூடிய ஒரே நாளும் அதுவே. ஆகவே நான் கூரையில் நின்றபோது, புதுச் சட்டியில் மூன்று லீற்றர் பாலை ஊற்றி, விளக்கேற்றி, கிழக்குப் பக்கமாகப் பொங்க விட்டிருக்கிறார்கள். அடுப்பின் மேற்புறத்தைத் துடைத்தார்கள். அடுப்புக்குப் பின்னால் மின்கம்பி இறங்கும் துளையை அவர்கள் அறியவில்லை.

"வேண்டாம் எண்டு சொன்னனான் ஐயா. மாமி கேக்கேல்லை. பால் காய்ச்ச வீடு எங்கட பேரில இருக்கோணும் எண்டு எந்தப் பஞ்சாங்கத்திலயும் இல்லையாம். இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வீட்டில பிரளயம். தெரியாட்டில் வீடு போயிடும். நான் என்ன செய்ய?"

அறிக்கையைத் தொலைபேசியில் மாற்ற முடியாது, மீண்டும் பார்த்தே எழுத முடியும் என்றேன். மறுநாள் மூன்று மணிக்கு எல்லோரும் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். பிறகு, ஓய்வுபெற்று ஏரிக்கரையில் வசித்த மிசியே பெல்ரோஸை அழைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"திரவம் இருந்ததா?"

"இருந்தது."

"வெண்ணிறமா? வெதுவெதுப்பா?"

"ஆம், மிசியே."

"அப்படியானால் நீங்கள் எழுதியது சரிதானே."

"'அநேகமாகக் குழாயிலிருந்து' என்று எழுதினேன்."

"அதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்று எனக்கு வயது அறுபத்து மூன்று.

செவ்வாய் மூன்று மணிக்கு அனைவரும் சமையலறையில் கூடினோம். கீழிருந்து வந்த நாற்றம் என் மூக்குக்கே எட்டியது. நான் விளக்கத் தொடங்குமுன் திருமதி வான் லீர் அடுப்பின் கதவைச் சுட்டிக் காட்டினார். அதில் சந்தனப் பொட்டு ஒன்று, நடுவில் குங்குமம்.

"இதை நான் துடைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "உங்கள் பரிசோதனை முத்திரை என்று நினைத்தேன். அடுப்பு தேறிவிட்டது, அப்படித்தானே?"

பிரதீபன் பொட்டைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான்.

"அம்மா. இதென்ன?"

"பொட்டு."

"அது தெரியுது. ஆர் வைச்சது?"

"நான்தான் வைச்சனான். பாலும் நான்தான் காய்ச்சினனான். உன்ர பெண்சாதியைப் பேசாத."

"ஆற்ற வீட்டில, ஆரைக் கேட்டுக் காய்ச்சினனீங்கள்?"

"நீ வெளியில ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி. உள்ள நடக்கிற அலுவல் உனக்கேன்?"

பிரதீபன் தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டான். நடந்ததை நான் வான் லீர் தம்பதியருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அனுமதியின்றி அவர்கள் அடுப்பைப் பாவித்ததையும் மறைக்கவில்லை. சுகந்தி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரு. வான் லீர் முதலில் பேசினார்.

"என் குழாய் ஒழுகவில்லையா?"

"அதை இன்னும் நிறுவவில்லை" என்றேன். "இப்போது நம்மிடம் இருப்பது ஒரு வாக்குமூலம். நான் பார்த்து, தொட்டு, அளக்க வேண்டும். அதே பால், அதே அடுப்பு."

"செய்யுங்கள்" என்று திருமதி வான் லீர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு லீற்றர் பாலை எடுத்தார்.

"ஒரு லீற்றர் காணாது" என்றார் மனோன்மணி அம்மா. "அண்டைக்கு மூண்டு."

அம்மையாரின் விஞ்ஞான நேர்மையை நான் மனதுக்குள் பாராட்டினேன். பிரதீபன் தெப்பனருக்கு ஓடினான். அவன் பாலோடு திரும்பி வந்ததும் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப ராகுகாலம். நாலரை மட்டும் பொறுங்கோ."

"அம்மா, இது சடங்கு அல்ல. பரிசோதனை" என்றேன்.

"சோதினை எண்டாலும் பால் பால்தானே ஐயா."

எட்டு மணிக்குக் கெடு. ஆயினும் நாலரை வரை பொறுத்தோம். அந்த நேரத்தில் திரு. வான் லீர் பிரதீபனைக் கீழே அழைத்துப் போய், தம் குழாய்ப் பொருத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். விமானக் குழாய்களைப் பார்த்துப் பழகியவன் அவன். மேலே வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. "ஐயா, மனுசன் நகை செய்யிற மாதிரிச் செய்திருக்கு" என்று என் காதில் சொன்னான்.

நாலரைக்கு அடுப்பு ஏற்றப்பட்டது. நானும் திரு. வான் லீரும் கீழே, திறந்திருந்த உட்கூரையின் அடியில், மின்விளக்கும் ஈரமானியும் கைக்கடிகாரமுமாக நின்றோம். மேலே "பொங்குது, பொங்குது" என்று சுகந்தியின் குரல் கேட்டது. அதிலிருந்து நாற்பத்தொரு செக்கன் கழித்து, மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு பால் இறங்கியது. குழாய்களில் ஈரமானியை வைத்தேன். முள் அசையவில்லை. திரு. வான் லீர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

பின்னிணைப்பை அந்த மேசையிலேயே எழுதினேன். "நல்ல குழாய்கள்" என்று எழுதும்படி அவர் கேட்டார். 'நல்ல' என்பதை அளக்க முடியாது என்று மறுத்து, இவ்வாறு எழுதினேன்: "வெண்ணிறத் திரவம் பால். வந்த வழி, அடுப்பின் பின்னுள்ள துளை. குழாய்களைப் பார்த்தேன், தொட்டேன், அளந்தேன். ஈரமில்லை." பிரதியை அவர் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, முதியோர் குடியிருப்புக்குக் கொண்டுபோனதாக அறிகிறேன்.

"நீங்கள் கேட்டிருக்கலாம்" என்று திருமதி வான் லீர் சுகந்தியிடம் நேராகச் சொன்னார். "நான் சம்மதித்திருக்கமாட்டேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்."

"ஓம், கேட்டிருக்கோணும்" என்று சுகந்தி தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். திருமதி வான் லீர் தலையசைத்துவிட்டு, சட்டியில் மிஞ்சிய பாலை வீணாக்கக்கூடாது என்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். என் பங்கை நான் காருக்குக் கொண்டுபோய்க் குடித்தேன். கார் என் சொந்தக் கார், அங்கே மிசியே பெல்ரோஸின் விதி செல்லாது.

ஏழேகாலுக்குப் பிரதீபன் கையொப்பமிட்டான். ஆடியிலேயே குடிபுகுந்தார்கள், பால் ஏற்கெனவே இரண்டு முறை காய்ச்சியாயிற்று என்பதால். அந்த மாரியில் மனோன்மணி அம்மா பனிக்குள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை நடந்து போனதை நானே பார்த்தேன்.

இது பற்றிக் கோயிலில் பலவாறு பேசப்படுகிறது. நானே பூசகராக நின்று பால் காய்ச்சினேன் என்கிறார்கள். அடுப்பில் கை வைத்தவர் மனோன்மணி அம்மா. நாற்றத்தை வைத்தே பால் என்று கண்டுபிடித்தேன் என்று சிலர் என்னைப் புகழ்கிறார்கள். எனக்கு மூக்கு அடைத்திருந்தது. கீழே நின்றபோது என் தலையில் பாலாபிஷேகம் நடந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அது தவறு. பால் விழுந்தது என் இடது தோளில்.